ஐபிஏ தாளில் 800 வெள்ளி, கையில் 468: சிங்கப்பூர் பெர்மிட் வேலையில் சட்டம் யார் பக்கம்?

கேள்வி இதுதான்: "என் தம்பி சிங்கப்பூரில் கட்டுமான வேலையில், ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறான். ஐபிஏ தாளில் (பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம்) பேசிக் 800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று இருக்கிறது. கொடுப்பதோ நாளுக்கு 18 வெள்ளி கணக்கு. அதிலும் 'சேவிங் மணி' என்று மாதாமாதம் பிடிக்கிறார்கள். போன மாதம் இடது கையில் அடிபட்டது. இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), அப்புறம் மறுபடி சைட். பாஸ்போர்ட் ஆபீஸில் இருக்கிறது. எம்ஓஎம்முக்கு (மனிதவள அமைச்சு) போனால் பெர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்கிறார் முதலாளி. சட்டப்படி ஏதாவது வழி உண்டா?"

உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து விஷயத்தில் நாலில் சட்டம் தெளிவாக உங்கள் தம்பி பக்கம் நிற்கிறது. ஐந்தாவதில், அதாவது பெர்மிட்டை கேன்சல் செய்கிற விஷயத்தில், முதலாளியின் கை ஓங்கித்தான் இருக்கிறது. அதனால் என்ன உரிமை இருக்கிறது என்பதைவிட, எதை எப்போது செய்வது என்பதுதான் இங்கே முக்கியம். நான் வழக்கறிஞர் இல்லை. சில வருடங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப்பட்ட தொழிலாளர்களுக்குத் தமிழில் மொழிபெயர்த்து உதவியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஐபிஏ. ஊரில் இருக்கும்போதே ஏஜென்ட் கையில் கொடுத்த தாள். பலரும் அதை விமானம் ஏறுவதற்கான டிக்கெட் மாதிரி நினைத்து, இறங்கியதும் மறந்துவிடுகிறார்கள். முதலாளி மனிதவள அமைச்சிடம் "இந்த ஆளுக்கு இவ்வளவு சம்பளம் தருவேன்" என்று எழுதிக்கொடுத்த வாக்கு அது. தொழிலாளியின் மொழியிலும் அதன் பிரதி வரும். தமிழில் வந்த அந்தப் பக்கத்தில் பேசிக், அலவன்ஸ், பிடித்தம், மொத்த நிலையான சம்பளம் என்று தனித்தனி வரிகள் இருக்கும். வெளிநாட்டு ஊழியர் வேலைநியமனச் சட்டத்தின் கீழ் வரும் 2012 விதிகளின்படி, முதலாளி அந்தத் தொகைக்குக் குறைத்துக் கொடுக்க முடியாது. குறைக்க வேண்டுமென்றால் தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும், குறைப்பதற்கு முன்பே அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஐபிஏ-வில் உள்ள தொகைதான் கணக்கு. 2017-ல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஒரு தொழிலாளியின் சம்பள வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: ஐபிஏ-வில் எழுதிய பேசிக் தொகையே உண்மையான சம்பளம் என்று எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று சொல்கிற முதலாளிதான் அதை நிரூபிக்க வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். நாளுக்கு 18 வெள்ளி, மாதம் 26 நாள் என்றால் 468 வெள்ளி. பேசிக்கில் மட்டும் மாதம் 332 வெள்ளி பாக்கி. இத்தோடு முடிவதில்லை. ஓடி, அதாவது ஓவர்டைம், சம்பளம் பேசிக்கை வைத்துத்தான் போடப்படும் என்பதால் அங்கேயும் அடி விழுகிறது. வேலைநியமனச் சட்டம் சொல்லும் வழி இது: மாத பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி நேரம், அதாவது 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. அதற்கு ஒன்றரை மடங்கு ஓடி. 800-க்குப் போட்டால் மணிக்கு 4.20 வெள்ளி, ஓடிக்கு 6.29. 468-க்குப் போட்டால் ஓடி 3.68 வெள்ளிதான். மாதம் 60 மணி நேரம் ஓடி பார்த்தால் வித்தியாசம் சுமார் 157 வெள்ளி. இரண்டையும் கூட்டினால் மாதம் கிட்டத்தட்ட 489. வருடத்துக்கு ஐயாயிரத்து எண்ணூறைத் தாண்டுகிறது. உங்கள் தம்பி கடன் வாங்கித்தான் போயிருப்பார் என்றால், அந்தக் கடனில் ஒரு பெரிய துண்டு முதலாளியின் பையில் கிடக்கிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வேறு கணக்கு. வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் தர வேண்டும். முதலாளி கூப்பிட்டு அன்று அரை நாளுக்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு நாள் பேசிக் சம்பளம். 800 பேசிக்குக்கு, வாரம் ஆறு நாள் வேலை என்றால், ஒரு நாள் 30.77 வெள்ளி, இரண்டு நாளுக்கு 61.54. தொழிலாளியே கேட்டு வந்து வேலை செய்தால் ஒரு நாள் சம்பளம்தான். அதனால்தான் சில கம்பெனிகள் "நானே விரும்பி வருகிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கின்றன. இந்த ஓடி, ஓய்வு நாள் விதிகள் மாத பேசிக் 4,500 வெள்ளி வரை உள்ள உடலுழைப்புத் தொழிலாளர்களுக்குப் பொருந்தும். சைட்டில் இருக்கும் அநேகமாக எல்லோரும் இதற்குள் வந்துவிடுவார்கள்.

மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓடி வாங்கக் கூடாது என்பதும் சட்டம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சில இடங்களில் பே ஸ்லிப்பில் ஓடி சரியாக 72 என்றே ஒவ்வொரு மாதமும் நிற்கும், மீதி மணி நேரம் 'அலவன்ஸ்' என்ற பெயரில் குறைந்த ரேட்டில் ஒளிந்திருக்கும். வரம்பைத் தாண்டி வேலை வாங்கியது முதலாளியின் குற்றம். அதற்காக அந்த மணி நேரத்துக்கான கூலி தொலைந்துபோகாது.

இதையெல்லாம் எதைக் காட்டி நிரூபிப்பது? ஒருவர் என்னிடம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். சிமெண்ட் கறை, மூலை மடங்கியது, பால்பாயின்ட் எழுத்து. "8 - 7.30. மழை. 11 to 12 வேலை இல்லை." "8 - 10, கான்கிரீட், லாரி லேட்." "லீவு, காய்ச்சல்." கம்பெனி கொண்டுவந்த டைம் கார்டில் மாதம் முழுக்க 8 - 5, 8 - 5, ஒரே பேனா, ஒரே கை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது உண்மையில் வாழ்ந்த நாள், எது ஒரே உட்காரலில் எழுதியது என்று யாருக்கும் தெரியும். தனக்குச் சாதகமில்லாத நாளையும் அவர் எழுதி வைத்திருந்ததுதான் அந்த நோட்டுக்கு மதிப்பைக் கொடுத்தது. உங்கள் தம்பியை இன்றிலிருந்தே எழுதச் சொல்லுங்கள்: ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், எந்த சைட், சூப்பர்வைசர் யார். சூப்பர்வைசர் வாட்ஸப்பில் அனுப்பும் "நாளை 7.30" மாதிரி செய்திகளை அழிக்க வேண்டாம். வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத வவுச்சரிலோ கையெழுத்துப் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டிய நெருக்கடி என்றால் போடுவதற்கு முன் ஒரு போட்டோ.

பே ஸ்லிப் கொடுப்பதும், வேலையின் முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்பதும் 2016 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள், ஓடி 14 நாளுக்குள் வர வேண்டும். தராமல் இருப்பது குற்றம். 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

'சேவிங் மணி' விஷயத்துக்குச் சுற்றி வளைக்க வேண்டாம். நீ ஓடிப்போகாமல் இருந்தால் கடைசியில் தருகிறேன் என்று பிடித்து வைப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி, இன்ஷூரன்ஸ், அமைச்சுக்கு முதலாளி கட்டும் 5,000 வெள்ளி பிணைத் தொகை, இவை எதையும் தொழிலாளியின் சம்பளத்தில் கை வைத்து எடுக்கக் கூடாது. பெர்மிட்டைப் புதுப்பிக்க ஆயிரம் கொடு, இரண்டாயிரம் கொடு என்று கேட்பது இன்னும் பெரிய குற்றம். வேலை தருவதற்காகத் தொழிலாளியிடம் முதலாளி பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. தங்குமிடத்துக்கு என்று பிடிப்பதற்கு இடமுண்டு, ஆனால் அது ஐபிஏ-வில் எழுதியிருக்க வேண்டும், வரம்பும் உண்டு.

பாஸ்போர்ட் சுருக்கமான விஷயம். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது சிங்கப்பூரின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். "பத்திரமாக இருக்கட்டுமே" என்று வாங்கி வைத்தாலும் கேட்ட அன்று கொடுத்தாக வேண்டும். வாட்ஸப்பில் மரியாதையாக ஒரு வரி கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதுவே ஆதாரம். பெர்மிட் அட்டையும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.

சரி, இப்போது அந்த மிரட்டல். இதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. நோட்டீஸ் கொடுத்து, அல்லது நோட்டீஸுக்கான சம்பளத்தைக் கொடுத்து, வேலையை முடித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. வேலை போனால் பெர்மிட்டும் போகும். ஊருக்கு ஏற்றுவதுதான் அவர் நினைக்கிற அளவுக்கு எளிதில்லை. திருப்பி அனுப்புவதற்கு முன் சம்பள பாக்கி முழுவதையும் தீர்க்க வேண்டும் என்பது பெர்மிட்டின் நிபந்தனை. திரும்பும் பயணச் செலவும் முதலாளியுடையது. புகார் பதிவாகிவிட்டால், பெர்மிட் கேன்சல் ஆனாலும், வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸில் தங்க வழி உண்டு. அந்தக் காலத்தில் சாப்பாடு, தங்குமிடம் பழைய முதலாளியின் பொறுப்பாகவே தொடர்கிறது. ஆனால் ஸ்பெஷல் பாஸ் வேலை செய்வதற்கான அனுமதி அல்ல. மாதக்கணக்கில் வருமானமில்லாமல் உட்கார வேண்டி வரலாம். வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாத அந்த நாட்கள்தான் பலரைப் பாதித் தொகைக்கு ஒப்புக்கொள்ள வைக்கின்றன. முதலாளிகளுக்கும் இது தெரியும்.

வலுக்கட்டாயமாக சாங்கி விமான நிலையத்துக்கே கொண்டுபோய்விட்டால்? குடிநுழைவு கவுன்டரில் இருக்கும் அதிகாரியிடம் "எனக்குச் சம்பள பாக்கி இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று சொல்லலாம். சொல்ல வேண்டிய இடம் அதுதான், அதைத் தாண்டினால் கஷ்டம். கூட வந்தவர் கவுன்டரைத் தாண்டி உள்ளே வர முடியாது என்பதை உங்கள் தம்பி நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

புகார் எங்கே? சம்பளத் தகராறுகள் 2017 ஏப்ரலிலிருந்து டாடம் என்கிற, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்த முத்தரப்பு அமைப்பிடம்தான் முதலில் போகின்றன. ஆன்லைனில் பதியலாம், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். அங்கே முதலாளியையும் தொழிலாளியையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள். தொகை ஒத்துவந்து கையெழுத்தானால், அந்த ஒப்பந்தத்தை 4 வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்துவிட வேண்டும். அப்போதுதான் முதலாளி ஏமாற்றினால் நீதிமன்ற உத்தரவு மாதிரி அமல்படுத்த முடியும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் தவணை வந்த சந்தோஷத்தில் இருந்துவிடுவார்கள், இரண்டாவது வராது. சமரசம் முறிந்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து, அதற்கும் 4 வாரத்துக்குள், எம்ப்ளாய்மென்ட் கிளெய்ம்ஸ் டிரைபியூனல் என்ற சம்பளத் தகராறு தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும். அங்கே இரு தரப்பும் வக்கீல் வைக்க முடியாது. பெரிய கம்பெனி பெரிய வக்கீலோடு வந்து பயமுறுத்தும் என்ற கவலை வேண்டாம்.

காலக்கெடுவைக் கவனியுங்கள். வேலையில் இருக்கும்போது, சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். வேலை முடிந்துவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள். உங்கள் தம்பி இரண்டு வருடமாக இப்படியே வாங்கிக்கொண்டிருந்தால் முதல் வருடப் பாக்கி ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டது. "பெர்மிட் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பழைய மாதம் ஒன்று கழன்று விழுகிறது. ஊருக்கு வந்துவிட்டு அங்கிருந்து வழக்காடுவது நடைமுறையில் மிகக் கடினம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது: கேட்பதாக இருந்தால் சிங்கப்பூரில் கால் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

இப்போது கை. எனக்கு உண்மையான கவலை இதில்தான். சம்பளம் இன்றோ நாளையோ வரும், விரல் மடங்காமல் போனால் அது வராது.

2019-ல் இயற்றப்பட்டு 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தப்பு என்ற கேள்வியே இல்லை. கவனக்குறைவு உங்கள் தம்பியுடையது என்று சூப்பர்வைசர் கத்தியிருந்தாலும், வேலை செய்யும்போது அடிபட்டிருந்தால் இழப்பீடு உண்டு. மூன்று விஷயம் கிடைக்கும்: மருத்துவச் செலவு, எம்சி நாட்களுக்கான சம்பளம், நிரந்தர பாதிப்பு இருந்தால் ஒரு மொத்தத் தொகை. எம்சி சம்பளம் ஓடி உள்பட முந்தைய சராசரி வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படும். முதல் 14 நாள் எம்சிக்கு, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் 60 நாள் வரை, முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஒரு வருடம் வரை. மருத்துவச் செலவின் உச்சவரம்பு, 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு, 53,000 வெள்ளி. அதற்கு முன் 45,000.

கம்பெனி அழைத்துப்போகும் கிளினிக்கில் இரண்டு நாள் எம்சி, பிறகு லைட் டியூட்டி என்று கொடுப்பது பழைய தந்திரம். நீண்ட எம்சி வந்தால்தான் அமைச்சுக்கு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்த காலத்தில் பிறந்த வழக்கம் அது. புதிய சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது: ஒரு நாள் எம்சி என்றாலும், லைட் டியூட்டி மட்டும் என்றாலும், வேலையில் நடந்த விபத்தை முதலாளி தெரிவித்தே ஆக வேண்டும். லைட் டியூட்டியால் சம்பளம் குறைந்தால் அந்தக் குறைவுக்கும் இழப்பீடு உண்டு. முதலாளி தெரிவிக்காவிட்டால் தொழிலாளி தானே அமைச்சிடம் பதியலாம். கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம். பெர்மிட் கேன்சல் ஆகிவிட்டாலும் இந்த உரிமை போகாது.

அதனால் கை இன்னும் வலிக்கிறது என்றால், நாளைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், செலவு முதலாளியின் பொறுப்பு. டாக்டரிடம் முதல் வாக்கியமே "வேலை செய்யும்போது அடிபட்டது" என்று இருக்கட்டும். எந்தத் தேதி, எந்த சைட், எது விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் நாள் மருத்துவக் குறிப்பில் "அறையில் வழுக்கி விழுந்தார்" என்று ஏறிவிட்டால் பிறகு அதை அழிக்கப் படாதபாடு பட வேண்டும். கூட வரும் கம்பெனி ஆள் அப்படித்தான் சொல்லச் சொல்வார். பார்த்த சக தொழிலாளி ஒருவரின் பெயரும் போன் நம்பரும் இப்போதே வாங்கி வைக்கட்டும், அவரும் நாளைக்கு வேறு சைட்டுக்கோ ஊருக்கோ போய்விடுவார்.

வேறு முதலாளியிடம் மாறலாமா என்றால், கட்டுமானத் தொழிலாளிக்குச் சட்டமே ஒரு ஜன்னல் வைத்திருக்கிறது. பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புதிய முதலாளி விண்ணப்பிக்கலாம். சம்பளப் புகாரில் நியாயம் இருக்கிறது என்று தெரிந்தால், பெர்மிட் முடியும்முன்பே வேறு வேலை தேட அமைச்சு அனுமதிப்பதும் உண்டு. பெர்மிட் முடியும் தேதியைப் பார்த்து, முடிந்தால் இந்த ஜன்னலை மனதில் வைத்துப் புகாரின் நாளைத் தீர்மானிப்பது புத்திசாலித்தனம். கை விஷயத்துக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அது உடனே.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மேலே சொன்ன வேலைநியமனச் சட்டமும் காய இழப்பீட்டுச் சட்டமும் பொருந்தாது. அவர்களுக்குப் பாதுகாப்பு பெர்மிட் நிபந்தனைகளிலிருந்து வருகிறது. வாரம் ஒரு ஓய்வு நாள் உண்டு, 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்துப் பறிக்க முடியாது. இவர்களுக்கு மணி நேர வரம்பும் ஓடியும் இன்றுவரை இல்லாதது பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

இன்னொரு ஓட்டை ஏஜென்ட் பணம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்ட், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஊரில் இருக்கும் ஏஜென்டை அந்தச் சட்டத்தால் தொட முடியாது. ஊரில் கட்டிய லட்சங்களை டாடம் வாங்கித் தராது என்பதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009-ல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போகலாம். அரசு சாராத இடம்தான் வேண்டும் என்றால் டிடபிள்யூசி2, ஹோம் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கின்றன. காகிதங்களை வரிசைப்படுத்தி, கணக்குப் போட்டு, எதை முதலில் கேட்பது என்று சொல்லித்தருவார்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது, மேலே உள்ள சூத்திரம் போதும்.

இன்று இரவு அவர் போன் பண்ணும்போது ஐபிஏ தாளின் எல்லாப் பக்கத்தையும், பெர்மிட் அட்டையின் இரண்டு பக்கத்தையும், அந்த இரண்டு நாள் எம்சியையும், கையில் இருக்கும் பே ஸ்லிப்புகளையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவருடைய போன் உடையலாம், பை ஆபீஸில் மாட்டிக்கொள்ளலாம், உங்கள் போனில் இருப்பது இருக்கும். ஐபிஏ-வே காணோம் என்றால், ஏஜென்ட் வாட்ஸப்பில் அனுப்பிய பழைய பிடிஎஃப் உங்கள் வீட்டில் யாருடைய போனிலாவது கிடக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.